ஒன்பதாம் நம்பரில் சிவப்புத் துணி

எங்கள் தேயிலைத் தோட்டம் உலகத்திலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது என்பது, கோலாலம்பூரிலிருந்து வந்த ஓர் இளைஞர் திரையில் படம் போட்டுக் காட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை அது கேமரன் மலையில், தானா ராத்தாவிலிருந்து வேனில் அரைமணி நேரத்தில் வந்துவிடக்கூடிய இடம் என்றே நினைத்திருந்தேன். பள்ளி விடுமுறையில் ரிங்லெட்டிலிருந்து மேலே ஏறும் கார்கள் நகர வழியில்லாமல் நிற்கும். உள்ளே இருப்பவர்கள் ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வரும் லோரிக்காரர்கள் அவர்களைத் திட்டாத நாள் கிடையாது. ஆனால் அந்தத் திரையில் ‘தொலைநிலம்’ என்று பெரிதாக எழுதியிருந்தது. அதற்குக் கீழே, மூடுபனிக்குள் ஒரு தேயிலைச் செடி தன்னந்தனியாக நின்றது. அந்தச் செடிக்கு நேர்பின்னால் தொழிற்சாலையின் கார் நிறுத்துமிடம் இருப்பது எங்களுக்குத் தெரியும். படத்தில் அதை வெட்டியிருந்தார்கள்.

திட்டம் இதுதான். மலை உச்சியில் வெள்ளைக்காரத் துரைகள் காலத்துப் பங்களா ஒன்று பூட்டிக் கிடந்தது. அதற்கு வெள்ளையடித்து, வெளிநாட்டுக் கலைஞர்களை ஒருவர் மாற்றி ஒருவராக ஆறு வாரம் தங்க வைப்பார்கள். அவர்கள் எங்களைப் பார்த்து, எங்களோடு பேசி, கலை செய்வார்கள். ஒரு வெளிநாட்டுத் தூதரகமும் தோட்டத்தின் ஹெட் ஆபீசும் சேர்ந்து இதை நடத்துகின்றன. தொழிலாளர் குடியிருக்கும் லயன் வீட்டு ஆட்களையெல்லாம் தோட்டத்து மண்டபத்தில் உட்கார வைத்து அந்த இளைஞர் இதைச் சொன்னார். அவர்தான் ஒருங்கிணைப்பாளர். நம்மவர்தான், ஆனால் தமிழ் பேசும்போது ஒவ்வொரு வார்த்தையையும் வலது கையால் காற்றில் தேடித்தான் எடுப்பார்.

நான் எழுந்து, “தம்பி, நானும் கதை எழுதுவேன். பேப்பர்ல வந்திருக்கு. நானும் மனுப் போடலாமா?” என்று கேட்டேன்.

அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். “இல்ல அக்கா, வேற எடத்துலேருந்து வர்றவங்களுக்குத்தான் இது. நீங்க ஏற்கெனவே இங்க இருக்கீங்களே. நீங்கதான் அந்த எடமே.”

மனிதரை இடமாக்கிவிட்டார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

ஆனாலும் பங்களாவில் எனக்கு வேலை கிடைத்தது. சமையலுக்குத்தான் எடுத்தார்கள். முன்பு பாலர் பள்ளியில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவள், ஆங்கிலமும் மலாயும் வரும் என்று தெரிந்ததும் மொழிபெயர்ப்பும் என் தலையில் விழுந்தது. அந்தப் பதவிக்குப் ‘பண்பாட்டு இணைப்பாளர்’ என்று பெயர் வைத்து, கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிவிட்டார்கள். அட்டையை மாட்டிக்கொண்டு வெங்காயம் உரித்தேன்.

அந்த வேலைக்கு நான் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. என் வீட்டுக்காரர் தோட்டத்தில் கங்காணி. அவருக்கு அடுத்த ஆண்டு அறுபது வயதாகப் போகிறது. அறுபது ஆனால் வேலை முடிந்தது. வேலை முடிந்தால் லயன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மகள் அப்போது நாலாம் படிவம். அடுத்த ஆண்டு பள்ளி இறுதி எஸ்.பி.எம். பரீட்சை. தோட்டத்து வேனில்தான் தானா ராத்தா பள்ளிக்குப் போய் வருகிறாள். வீடு போனால் வேன் போகும், வேன் போனால் பள்ளி போகும். எங்கே போவது, யார் வீட்டில் போய் நிற்பது என்று எங்களுக்கு வழி தெரியவில்லை. அதனால் இரண்டு ஆண்டு வேலை நீட்டிப்புக் கேட்டுத் துரைக்கு மனுக் கொடுத்திருந்தார். துரை ஜொகூர்ப் பக்கத்து மலாய்க்காரர், நல்ல மாதிரி. இருந்தாலும் எங்கள் வாயில் மேனேஜர் வராது, துரைதான் வரும். பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். பங்களாவில் நான் நல்ல பெயர் எடுத்தால் அது துரை காதில் விழும், மனுவில் ஒரு கையெழுத்து விழும் என்று கணக்குப் போட்டுத்தான் நான் வெங்காயம் உரித்தேன்.

முதலில் வந்த கலைஞர், குளிர்காலத்தில் சூரியனே எட்டிப் பார்க்காத ஒரு வடக்கு நாட்டுப் பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். நல்ல உயரம், ஆண்பிள்ளைச் சட்டை, சத்தமில்லாத நடை. நல்ல மனுஷி. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன். இனிமேல் நான் சொல்லப்போவதில் அது தெரியாமல் போகலாம்.

அவர் எங்கள் பெண்களின் கைகளைத் தேடி வந்திருந்தார். முதுகில் கூடை, தலையில் முக்காடு, விரல் நுனியில் இரண்டு இலை ஒரு மொட்டு. முதல் நாள் காலையில் மலைக்குக் கூட்டிப்போனேன். அங்கே பங்களாதேஷ்காரர்கள் இரண்டு பேர் வெட்டுமிஷினை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, மோட்டார் காதைப் பிளக்க, செடிகளின் தலையைச் சீவிக்கொண்டு போனார்கள். மூன்றாவது ஆள் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கலைஞர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “பெண்கள் எங்கே?” என்று கேட்டார்.

“தொழிற்சாலையில், பள்ளிக்கூட கேண்டீனில், கடைகளில், சிங்கப்பூரில்” என்றேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. ஒருங்கிணைப்பாளர் விடுவாரா? மறுநாளே லயனில் ஓய்வாக இருந்த பெரியம்மாக்கள் மூன்று பேரைப் பிடித்தார். சுற்றுலாக் கடையில் தொங்கிய கூடைகளை வாங்கி முதுகில் மாட்டினார். அதில் ஒருவர் என்னிடம், “நான் காலம் பூரா சலிக்கற மிஷின்ல நின்னவ லா. கொழுந்து எடுத்ததே கெடையாது. இத எப்டி மாட்டறது?” என்று கேட்டார். கூடையில் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. கலைஞர் அதைப் பார்த்தார். ஒரு படம்கூட எடுக்காமல் கேமராவை மூடிவிட்டு, பெரியம்மாக்களிடம் மன்னிப்புக் கேட்டார். எதற்கு மன்னிப்பு என்று தெரியாமல் அவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் மொழிபெயர்க்கவில்லை. டீ குடிச்சிட்டுப் போகச் சொல்றாங்க என்று சொல்லி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு அவர் ஒரு வாரம் மாடி ஜன்னலிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே இருப்பது ஒன்பதாம் நம்பர். எங்கள் தோட்டத்தில் ஒவ்வொரு மலைச் சரிவுக்கும் ஒரு நம்பர் உண்டு. இருப்பதிலேயே செங்குத்தான சரிவு அது. சமையலறை பங்களாவின் மறுபக்கம் என்பதால் அதை நான் பார்க்க முடியாது. ஒருநாள் கீழே இறங்கி வந்து, சிவப்புத் துணி வேண்டும் என்றார். நிறைய வேண்டும், உழைப்பின் நிறம் வேண்டும் என்றார். உழைப்பு என்ன நிறம் என்று எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் சட்டையைத் துவைக்கும்போது எனக்குத் தெரிவது செம்மண் நிறம்தான். தானா ராத்தாவில் தமிழ் முஸ்லிம் அண்ணன் ஒருவரின் துணிக்கடைக்குப் போய் வாங்கினேன்.

“கோயிலுக்காம்மா?” என்று கேட்டார்.

“கலைக்குண்ணே.”

“எதுக்கா இருந்தாலும் சாயம் போவாதும்மா” என்று மடித்துக் கொடுத்தார்.

மேசை விரிப்புக்கோ மண்டபத்தில் தோரணம் கட்டவோ இருக்கும் என்று நினைத்துக் கொடுத்துவிட்டு நான் பருப்பு வேகவைக்கப் போய்விட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அந்த அம்மாள் துணியைப் பட்டை பட்டையாகக் கிழித்து எடுத்துக்கொண்டு ஒன்பதாம் நம்பருக்கு இறங்கியிருக்கிறார். ஒவ்வொரு வரிசையின் தலைச்செடியிலும் ஒரு பட்டை கட்டியிருக்கிறார். இங்கே வேலை செய்து பெயரில்லாமல் போனவர்களுக்கு அஞ்சலி.

இந்த இடத்தில் எங்கள் தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பூச்சிமருந்து அடிக்க வெளியிலிருந்து குத்தகை ஆட்கள் வருவார்கள். அடித்து முடித்ததும் வரிசைகளின் தலையில் சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போவார்கள். துணி இருக்கும்வரை உள்ளே கால் வைக்கக் கூடாது. கட்டியவர்தான் வந்து அவிழ்க்க வேண்டும். வேறு யாரும், துரையே ஆனாலும், தொடமாட்டார். முன்பு ஒருமுறை யாரோ அவசரப்பட்டு அவிழ்த்துவிட, உள்ளே இறங்கியவர்களுக்குக் கையெல்லாம் கொப்புளித்துப் போனது. அன்றிலிருந்து இது சட்டம். மண்டபத்துச் சுவரில் நான்கு மொழியில் எழுதி ஒட்டியிருக்கிறது. கலைஞருக்கு வரவேற்பு கொடுத்ததும் அதே சுவருக்கு முன்னால்தான். அந்த அட்டை அழகாக இல்லை என்று அதன்மேல் திட்டத்தின் பதாகையைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை ஆட்கள் மிஷினோடு ஒன்பதாம் நம்பருக்குப் போனார்கள். துணியைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். எல்லோரையும் நாலாம் நம்பருக்குத் திருப்பிவிட்டார். அன்றன்றைய வேலைத்தாளில் ‘ஒன்பது, சிவப்புத் துணி’ என்று எழுதிக் கொடுத்தார். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி அதை வாங்கிப் படிக்காமல் கோப்பில் போட்டார். துரை அப்போது லீவில் இருந்தார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். என் வீட்டுக்காரர் தோட்டத்து வேலையைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வருகிற ஆள். வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். எனக்கு எதுவும் தெரியாது.

பதினோராவது நாள் மத்தியானம். கலைஞரும் ஒருங்கிணைப்பாளரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். கலைஞர் கண் கலங்கச் சொன்னார்: “அவர்கள் தினமும் வருகிறார்கள். துணியைப் பார்க்கிறார்கள். நிற்கிறார்கள். உள்ளே போகாமல் திரும்பிவிடுகிறார்கள். யாரும் ஒரு துணியைக்கூடத் தொடவில்லை. நான் எதுவும் கேட்கவில்லை, அவர்களாகவே முடிவெடுத்தார்கள்.”

ஒருங்கிணைப்பாளர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். “மறுப்பு” என்றார். “மௌன மறுப்பு.”

கரண்டியோடு மாடிக்கு ஓடி ஜன்னலில் பார்த்தேன். நான் வாங்கிக் கொடுத்த துணி, சாயம் போகாமல், வரிசைக்கு வரிசை ஆடிக்கொண்டிருந்தது. கொழுந்தெல்லாம் முற்றி, செடிகள் தலைவிரி கோலமாக நின்றன.

ஏப்ரனோடு கீழே இறங்கி ஓடினேன். என் வீட்டுக்காரர் பாதையோரம் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றிருந்தார்.

“என்னாங்க, இது மருந்துத் துணி இல்லங்க! நான் டவுன்ல வாங்கிக் குடுத்தது. அந்த வெள்ளக்காரம்மா கட்டிருக்காங்க.”

“அப்டியா?” என்றார். முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

“அவுத்து எறிங்க லா சட்டுனு. துரை வர்ற நேரம்.”

“நான் கட்டலயே. கட்டுனவங்க வந்து அவுக்கட்டும்.”

இந்த ஆளைக் கட்டிக்கொண்டு நான் பட்ட பாடு இது என்று மனசுக்குள் சபித்தேன். சட்டம் என்றால் சட்டம், கோடு போட்டால் கோட்டுக்குள்ளே நிற்கிற ஆள் என்று எனக்குத் தெரியும். பங்களாவுக்கு மூச்சிரைக்க ஏறி வந்து கலைஞரையே கூட்டிப்போய் அவிழ்க்க வைத்தேன். அதற்குள் ஒருங்கிணைப்பாளர் சும்மா இருக்கவில்லை. அவருடைய வாராந்திர அறிக்கை, தூதரகத்துக்கும் ஹெட் ஆபீசுக்கும் படங்களோடு போய்விட்டது. ‘தொழிலாளர்கள் பதினோரு நாள் தேயிலை பறிக்க மறுத்து இப்படைப்பில் பங்கேற்றனர். அவர்களுக்குத் தலைமை தாங்கி நிறுத்தியவர் அவர்களுடைய கங்காணி.’

தூதரகத்தில் இதைப் படித்து மகிழ்ந்தார்கள். ஹெட் ஆபீசில் இதைப் படித்துவிட்டுத் துரையை லீவிலிருந்து கூப்பிட்டார்கள். மறுநாள் என் வீட்டுக்காரரை ஆபீசுக்கு அழைத்து, மோகோக்கா என்று துரை கேட்டார். மோகோக் என்றால் மலாயில் வேலைநிறுத்தம். எங்கள் ஆபீசில் யாரும் அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. விசாரணை முடியும்வரை நீட்டிப்பு மனுவை எடுத்து வைத்துவிடுவதாகச் சொல்லி அனுப்பினார்.

ஒருநாள்கூட வேலைக்கு மட்டம் போடாத மனுஷனைப் போராட்டத் தலைவராக்கிவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தை நான் கோழிக்கறியில் காட்டினேன். அன்று அந்த அம்மாள் மூன்று முறை தண்ணீர் கேட்டார். சாப்பாடு முடிந்ததும் எதிரே போய் நின்று, அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னேன். மருந்துத் துணி விஷயம் முழுவதையும், எங்கள் வீட்டை, மகளின் பரீட்சையை, எல்லாவற்றையும் சொன்னேன். “நீங்கள் ஒரு கடிதம் எழுத வேண்டும். யாரும் எதையும் மறுக்கவில்லை, விஷம் என்று பயந்தார்கள், அவ்வளவுதான் என்று எழுத வேண்டும்.”

அவர் மேசையிலிருந்த அட்டையை எடுத்துப் பார்த்தார். பிறகு, “அப்படியானால் நான் செய்தது என்ன? செடியில் துணி கட்டியிருக்கிறேன், அவ்வளவுதானா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“அவ்வளவுதான்” என்றேன்.

“பயம் மட்டும்தான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அவரோடு இருபத்திரண்டு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன்.”

“நான் ஜன்னலிலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்” என்றார். “பயந்த மனிதர் அப்படி நிற்கமாட்டார்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேயிலையைப் பொட்டலத்தில் மட்டுமே பார்த்திருந்து, செடியை இப்போதுதான் பார்த்த ஆள், என் புருஷன் நிற்கிற நிற்பை எனக்கு விளக்குகிறார். என் சிரிப்பு அவருக்குச் சுட்டிருக்க வேண்டும். கடைசியில், ‘திறந்த நாள்’ அன்று கங்காணியே மேடையில் பேசட்டும், அவர் என்ன சொல்கிறாரோ அதையே நான் போடப்போகும் படப் புத்தகத்திலும் அச்சடிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

திறந்த நாள் என்பது, கலைஞர் தங்கி முடித்ததும் விருந்தினரைக் கூப்பிட்டுக் காட்டும் விழா. பங்களாப் புல்வெளியில் கூடாரம் போட்டார்கள். தூதரகத்து ஆட்கள் சேறு படாத காலணிகளில் வந்து இறங்கினார்கள். ஹெட் ஆபீஸ் பெரியவர் முன்வரிசையில் முகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துரை அவருக்குப் பின்னால், அவரைவிட இறுக்கமாக. எங்கள் தோட்டத்துத் தேநீரையே, எங்களுக்குத் தெரியாத ஒரு பெயரில், விரலளவுக் கோப்பையில் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் கல்யாணங்களுக்குப் போடும் பாத்திக் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். வழி நெடுக அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். பயந்தோம்னு சொல்லுங்க, அதிகம் பேசாதீங்க என்று.

அதிகம் பேசவில்லை. ஒலிபெருக்கியைப் பார்த்தபடி, “செவப்புத் துணி கட்டியிருந்தா ஆள உள்ள எறக்கக் கூடாது. அது தோட்டத்துச் சட்டம். துணி இருந்துச்சு. நான் எறக்கல” என்றார். உட்கார்ந்துவிட்டார்.

இது போதாது என்று எனக்குப் பட்டது. மொழிபெயர்க்கும் சாக்கில் நான் புகுந்து விளையாடினேன். மலாயில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை: இவர் விஷம் என்று பயந்துவிட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் வேலை செய்கிறார், மேலிடத்துப் பேச்சை ஒருநாளும் மீறியதில்லை, மீறத் தெரியவும் தெரியாது. மறுப்பு, போராட்டம் என்பதெல்லாம் இவர் அறியாத விஷயம். கலைஞர் எங்கள் வழக்கம் தெரியாமல் தவறாகப் புரிந்துகொண்டார். எல்லாம் ஒரு துணியால் வந்த குழப்பம். அவ்வளவும் நம்பித்தான் சொன்னேன்.

பெரியவரின் முகம் மலர்ந்தது. எழுந்து நின்று கை தட்டினார். எல்லாத் தோட்டத்துக்கும் இப்படிப்பட்ட கங்காணிதான் வேண்டும், பாதுகாப்பு என்றால் இதுதான் பாதுகாப்பு என்றார். துரையும் தட்டினார். ஒருங்கிணைப்பாளர், இந்தப் படைப்பின் தலைப்பே இனிமேல் ‘அக்கறை’ என்று அந்த இடத்திலேயே மாற்றி அறிவித்தார். என் வீட்டுக்காரர் கையில் ஒரு சிவப்புப் பட்டையைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். கலைஞர் மட்டும் கை தட்டவில்லை. என் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். இவரோ புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்துக் கலைஞர் கிளம்பினார். பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டு என்னிடம் திரும்பி, “அப்படியானால் நான் பார்த்தது தப்பா?” என்று கேட்டார்.

“ஆமாம். முழுக்கத் தப்பு” என்றேன். சொன்னபோது எவ்வளவு திருப்தியாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டார்.

அதற்கடுத்த வாரம் இரண்டு ஆண்டு நீட்டிப்புக் கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தைச் சாமி மாடத்தில் வைத்துக் கும்பிட்டேன். ஞாயிறு காலை இரண்டு பேரும் மோட்டாரில் தானா ராத்தாவுக்குப் போய், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட உட்கார்ந்தோம். எனக்கு மனசெல்லாம் லேசாக இருந்தது. நான் வெள்ளைக்காரம்மா கதையை மறுபடி எடுத்தேன். “பயந்த ஆளு அப்டி நிக்க மாட்டாராம்! மருந்துன்னு நீங்க நடுங்கிக்கிட்டு இருந்தது அவங்களுக்கு என்னா தெரியும்?”

அவர் ரொட்டியைக் குழம்பில் தோய்த்துக்கொண்டே, “எந்த மருந்து?” என்றார்.

நான் விழித்தேன்.

“அந்தம்மா துணி கட்டறப்ப நான் மேல ரோட்டுல நின்னு பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். கையில ஒற இல்ல, மூக்குல துணி இல்ல, பாட்டுப் பாடிக்கிட்டுக் கட்டுது. மருந்து அடிச்சவன் பாட்டா பாடுவான்?”

“அப்ப ஏங்க ஆள எறக்கல?”

“மழ புள்ள. அந்தச் சரிவுல மண்ணு எறங்குது. அதுக்கு முந்துன வாரம் ரெண்டு பேரு மிஷினோட சறுக்கி, பிளேடு ஒருத்தன் தொடைக்கிட்ட போயி நின்னுச்சு. மழ விடற வரைக்கும் ஒன்பத விட்டுடுவோம்னு லீவுல போறதுக்கு முன்னாடி தொரகிட்ட மூணு தடவ கேட்டேன். முடியாதுன்னுட்டாரு. நானா ஆள நிறுத்துனா ஸ்ட்ரைக்கு. துணி நிறுத்துனா சட்டம்.” இன்னொரு வாய் வைத்துக்கொண்டார். “நல்ல நேரத்துல கட்டுச்சு அந்தம்மா.”

“அந்தப் பங்களாதேஷ் ஆளுங்களுக்குத் தெரியுமா?”

“அவனுங்களுக்குக் கண்ணு இல்லியா?”

“அப்ப தோட்டத்துல தெரியாதவ நான் ஒருத்திதானா?”

அவர் யோசித்தார். “நீயும் தொரையும்” என்றார்.

முதலில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. கட்டின பெண்டாட்டியிடம் சொல்லக் கூடாதா? உன் மூஞ்சி எல்லாத்தையும் காட்டிக் கொடுத்துடும், தெரிஞ்சிருந்தா மேடையில அவ்ளோ அழகாச் சொல்லியிருப்பியா என்று கேட்டார். ஆத்திரம் அடங்கிய பிறகுதான் வெட்கம் வந்தது. ஆறு வாரம் மாடி ஜன்னலில் உட்கார்ந்து பார்த்தவருக்குத் தெரிந்தது, இருபத்திரண்டு வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்தவளுக்குத் தெரியவில்லை. அது மட்டுமில்லை. ஆள் சாகக் கூடாது என்று தன் வீட்டையே பணயம் வைத்து நின்ற மனுஷனை, எல்லார் முன்னாலும் இரண்டு மொழியில், மீறத் தெரியாத ஆள் என்று நான் சொல்லியிருக்கிறேன். அவரும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். மலாய் அவருக்கு நன்றாகவே தெரியும்.

இதை இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வீடு. இப்போது அந்த வீட்டைக் காலி செய்துவிட்டோம். மகள் பரீட்சை எழுதி முடித்தாள். ரிங்லெட்டில் குடியிருக்கிறோம்.

ரிங்லெட்டுக்கு வந்த புதிதில், தோட்டத்து முகவரிக்குப் போய்ச் சுற்றிவிட்டு, கலைஞரின் புத்தகம் தபாலில் வந்தது. கனமான தாள், பக்கம் பக்கமாக ஒன்பதாம் நம்பர். வாக்குத் தவறாத மனுஷி. கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தார்: வெளியாளான நான் இந்த மக்களின் அச்சத்தை எதிர்ப்பு என்று தவறாகப் படித்துவிட்டேன், என் பிழையைத் திருத்திய மொழிபெயர்ப்பாளருக்கு நன்றி. அதற்குக் கீழே என் பெயர் போட்டிருந்தது. என் பெயர் ஒரு புத்தகத்தில் வந்தது அதுதான் முதல் தடவை.

என் வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மழையில் பாதையோரம் நிற்கும் தன் படத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.

“என்னா எழுதியிருக்கு?” என்று கேட்டார்.

“நீங்க பயந்துட்டீங்கன்னு எழுதியிருக்கு” என்றேன்.

“நல்லதாப் போச்சு” என்று சொல்லிப் புத்தகத்தை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, காய்கறி வாங்கக் கிளம்பிப் போனார்.